தவறான விடையை வாசிக்கும் வேலை

பெங்களூரு அல்சூரில், தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தே போய்வரும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. அந்த வீட்டின் பின்னறையில் அமர்ந்து, தமிழ்நாட்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சம்பளம் தருவது இதே நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இணையவழிக் கல்வி நிறுவனம். பி.எட். முடித்துவிட்டு ஊரில் காத்திருக்கும் உறவுப் பெண்கள், பள்ளி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் பழைய சக ஆசிரியர்கள், குழந்தை பிறந்தபின் வெளியே வேலைக்குப் போக முடியாத தோழிகள் எனப் பலரும் இந்த வேலையைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். எவ்வளவு தருகிறார்கள், எத்தனை மணி நேரம், லேப்டாப் அவர்களே கொடுப்பார்களா என்பவைதான் பெரும்பாலும் அவர்களுடைய கேள்விகள். அவற்றில் சிலவற்றுக்கும் என்னால் இயன்ற பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாகச் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு: மாணவரைக் கண்ணால் காணாத இந்த வேலையில், அவர் எழுதும் தவறான விடை வழியாகத்தான் அவரை நாம் அறிந்துகொள்ள முடிகிறது. அதைப் பொறுமையாக வாசிக்கும் ஆசிரியரும், வாசிக்க நேரம் ஒதுக்கும் நிறுவனமும் சேர்ந்தால் பிள்ளைகளுக்குப் பயன் கிடைக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பெற்றோர் கட்டும் பணம் வீண் என்றே நான் நினைக்கிறேன்.

இணையவழிக் கல்வி இந்த நகரத்துக்குப் புதிதல்ல. ஐஐடிகளும் இங்குள்ள இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டம், கல்லூரிப் பாடங்களைக் காணொளியாக எவரும் இலவசமாகப் பார்க்கும்படி செய்தது. பைஜூஸ், வேதாந்து, அனகாடமி ஆகிய மூன்றும் பெங்களூரிலிருந்து வளர்ந்த நிறுவனங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின், கைபேசியில் பாடம் பார்ப்பது சிற்றூர்க் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாயிற்று. 2020 மார்ச் மாத ஊரடங்கு, தயங்கி நின்றவர்களையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தது. அந்த ஆண்டு ஜூனில், ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு இணைய வகுப்பு நடத்தக் கூடாது என்று கர்நாடக அரசு உத்தரவிட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சின்னஞ்சிறு குழந்தைகள் திரையில் எதைக் கற்பார்கள் என்று எங்கள் அடுக்ககத்தில் அப்போது நடந்த வாக்குவாதங்களை இன்றும் மதிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பின்வந்த பணப் பெருக்கத்தில் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

பணம் பெருகிய வேகத்திலேயே வற்றவும் செய்தது. 2022-இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட பைஜூஸின் தாய் நிறுவனத்தின் மீது, 2024 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு திவால் நடவடிக்கைக்கு அனுமதி அளித்தது. அந்த ஆண்டுகளில் இந்தத் துறையின் பல நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடந்தது. நல்ல ஆசிரியர்கள் பலர் ஒரே மின்னஞ்சலில் வேலை இழந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆகவே இந்தத் துறையில் சேர விரும்புகிறவர்கள் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், நிறுவனம் மாணவர் கட்டணத்தில் நடக்கிறதா, முதலீட்டாளர் பணத்தில் நடக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி வேலைக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரலை வகுப்பு எடுப்பவர் மட்டுமே ஆசிரியராகத் தெரிவார். உள்ளே பாடத்திட்டம் வகுப்பவர், கேள்விகள் தயாரிப்பவர், அவற்றைச் சரிபார்ப்பவர், பிள்ளைகளின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுபவர் என்று பல நிலைகள் உண்டு. நான் வாரத்தில் சில மாலைகள் நேரலை எடுக்கிறேன். மற்ற நேரம் முழுவதும் சந்தேகப் பிரிவில் செலவாகிறது.

பள்ளியிலிருந்து வருகிறவரை நேரலையில் முதலில் திணறடிப்பது தாமதம். சாதாரண நேரலை ஒளிபரப்பில் காணொளியைச் சில விநாடிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். மாணவரின் கைபேசி ஓரிரு துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்குகிறது. அதனால் நான் கேட்கும் கேள்வி அங்கே போய்ச் சேர்வதற்குள் பத்து, இருபது விநாடிகள்கூட ஆகிவிடும். காணொளி அழைப்புக்குப் பயன்படும் தொழில்நுட்பத்தில் இந்தத் தாமதம் ஒரு விநாடிக்கும் கீழே வரும் என்றாலும், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கும் வகுப்பை அப்படி நடத்தச் செலவு அதிகம். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராத அந்த இடைவெளியைச் சகிக்க முடியாமல் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும் ஆசிரியர்களை, வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடத்தச் சொல்லும் மாதிரி வகுப்புகளில் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் தாவும் நேரத்தில்தான் பிள்ளைகளின் பதில்கள் சாட்டில் வந்து விழுகின்றன. கேள்வியைக் கேட்டபின், அதே கேள்வியை வேறொரு படம் வரைந்து பென் டேப்லெட்டில் விளக்கிக்கொண்டே காத்திருக்கலாம். இந்தப் பழக்கம் வர சில மாதங்கள் பிடிக்கும், ஆனால் கட்டாயம் வரும்.

சாட்டில் வருவது பெரும்பாலும் "யெஸ் மேம்", "புரியுது மேம்" என்பவைதான். வகுப்பறையில் கடைசி வரிசைப் பையனின் நெற்றிச் சுருக்கமே பாடம் ஏறவில்லை என்று காட்டிவிடும். இங்கே அந்த வழி கிடையாது. ஆகவே வகுப்பு முடிந்தபின் சந்தேகப் பிரிவுக்கு வரும் படங்களைத்தான் நான் நம்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பந்தைச் செங்குத்தாக மேல்நோக்கி எறிகிறோம். பெரும உயரத்தை அடையும் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், என்ன? நான்கு விடைகளில் 'சுழி' என்பதும் ஒன்று. ஆண்டுதோறும் பிள்ளைகள் அதைத்தான் ஆர்வத்தோடு தேர்ந்தெடுக்கிறார்கள். சரியான விடை, கீழ்நோக்கி விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்பது. பந்து ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதுவே. இதை எழுதி அனுப்ப அரை நிமிடம்கூட ஆகாது. பிள்ளையும் நன்றி சொல்லி ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடும்.

தருமபுரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவி, தன் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கோடு போட்ட நோட்டில் பென்சிலால் ஒரு வட்டம். அதிலிருந்து மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. கீழ் அம்பின் பக்கத்தில் 'ஈர்ப்பு விசை' என்றும், மேல் அம்பின் பக்கத்தில் 'கை விசை' என்றும் எழுதியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மேல் அம்பை முதலில் குட்டையாக வரைந்து, பிறகு அழித்து, ஸ்கேல் வைத்துக் கீழ் அம்பின் நீளத்துக்குச் சமமாக நீட்டியிருந்த தடம் தெரிந்தது. அந்தப் பெண் ஊகித்து விடை போடவில்லை. எறிந்த கை கொடுத்த விசை பந்துக்குள்ளேயே தங்கியிருந்து மெல்ல மெல்லத் தேய்கிறது, உச்சியில் அது ஈர்ப்பு விசைக்குச் சமமாகிறது, அதனால்தான் பந்து ஒரு கணம் நிற்கிறது என்று ஒரு முழுக் கோட்பாட்டையே உருவாக்கி, அதற்கு ஏற்ப அம்பைத் திருத்தியிருக்கிறாள். நியூட்டனுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் அறிஞர்கள் பலர் நம்பிய கோட்பாடும் ஏறத்தாழ இதுவே.

அதே 'சுழி'யைத் தேர்ந்தெடுத்த இன்னொரு மாணவனின் குழப்பம் முற்றிலும் வேறு. உச்சியில் திசைவேகம் சுழி, ஆகவே முடுக்கமும் சுழி என்று அவன் எழுதியிருந்தான். விசையைப் பற்றி அவனுக்குத் தவறான எண்ணம் ஏதுமில்லை. திசைவேகத்தையும், அது மாறும் வீதத்தையும் ஒன்றாக்கிவிட்டான். இவனிடம், உச்சிக்கு 0.1 விநாடி முன்பும் 0.1 விநாடி பின்பும் திசைவேகம் என்ன என்று கேட்டால் போதும். முன்பு மேல்நோக்கி விநாடிக்கு 0.98 மீட்டர், பின்பு கீழ்நோக்கி அதே 0.98, ஆக 0.2 விநாடியில் 1.96 மாறியிருக்கிறது, வகுத்தால் 9.8 வருகிறது. அவனே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் இந்தக் கணக்கை அந்த மாணவிக்கு அனுப்பினால், போட்டுப் பார்த்துச் சரி என்பாள், அவளுடைய மேல் அம்பு மட்டும் அப்படியே இருக்கும். அவளிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: "கையை விட்டுப் போன பிறகு பந்தை எதெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கிறது?" இதை அனுப்பிய பிறகு நெடுநேரம் அவளிடமிருந்து பதிலில்லை. பிறகு வந்தது: "காத்து மட்டும்தான் மேம். அப்ப மேல போற அம்பு எங்கிருந்து வரும்?" அந்தக் கேள்வியை அவளே கேட்டுக்கொண்டதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரே விடைக்குப் பின்னால் இப்படி வெவ்வேறு எண்ணங்கள் இருக்கும் என்பது கல்வி ஆய்வில் நன்கு அறியப்பட்டதுதான். 1992-இல் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டெனஸும் அவருடைய சகாக்களும், விசையைப் பற்றிய புரிதலைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் தவறான விடைகள் ஏனோதானோ என்று போடப்பட்டவை அல்ல. மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் கருத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கணக்குகளைத் தடுமாறாமல் போடும் கல்லூரி மாணவர்களும் அதில் இடறி விழுந்தார்கள். நம் நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் அத்தகைய வினாக்களை அரிதாகவே காண்கிறேன். எண்ணை மாற்றி எண்ணைப் போட்டு வினாக்களைப் பெருக்குவது எளிது என்பதால், எங்கள் துறையில் எல்லோரும் அதையே செய்கிறார்கள்.

இங்கேதான் நிறுவனத்தின் அளவுகோல் குறுக்கே வருகிறது. சந்தேகப் பிரிவில் வேலை செய்பவருக்கு முதல் பதிலுக்கான நேரம், ஒரு சந்தேகத்தை முடிக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம், மாணவர் கொடுத்த நட்சத்திரம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவரை மேலாளரால் பார்க்க முடியாது என்பதால் எண்கள் தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த எண்களின்படி, அரை நிமிடத்தில் விடை எழுதி அனுப்புபவர் சிறந்த ஆசிரியர். அழிக்கப்பட்ட பென்சில் தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பவர் மந்தமானவர். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், இந்தக் காரணத்துக்காகவே நல்ல ஆசிரியை ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். பிள்ளைகளின் பிழைகளை வகைவகையாகக் குறித்து அவர் வைத்திருந்த குறிப்பேட்டை அங்கே யாரும் கேட்டுக்கூட வாங்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இப்போதைய குழுத் தலைவர் மைசூர்க்காரர்; பத்தாம் வகுப்பு வரை கன்னட வழியில் படித்தவர். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு சந்தேகம் எவ்வளவு விரைவில் மூடப்பட்டது என்பதோடு, அதே மாணவர் அதே கருத்தில் சில வாரங்கள் கழித்து மறுபடியும் தவறினாரா என்பதையும் கணக்கில் சேருங்கள் என்றேன். தரவு ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கிறது. மாணவர் எழுதும் ஒவ்வொரு தேர்வும், தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு விடையும் சேமிக்கப்படுகின்றன. பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்காத பெரும் வசதி இது. சில வாரம் இழுத்தடித்தாலும் அவர் ஒப்புக்கொண்டார். இப்போது இயக்கவியல், ஒளியியல் ஆகிய இரு பாடங்களுக்கு மட்டும் அப்படிப் பார்க்கிறோம். ஒளியியலில் குறியீட்டு மரபுதான் பெரிய சிக்கல்: பொருளின் தொலைவை எதிர்க்குறியோடு எடுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள், எந்தப் புள்ளியிலிருந்து எந்தத் திசையில் அளக்கிறோம் என்பதைப் படத்தில் காட்டச் சொன்னால் திகைத்துவிடுகிறார்கள்.

இப்போது பல செயலிகளில், மாணவர் படமெடுத்து அனுப்பும் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவே முதலில் பதில் சொல்லிவிடுகிறது, எங்களிடமும் அப்படித்தான். அச்சிட்ட கேள்விக்கு அது தரும் தீர்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, இரவு இரண்டு மணிக்கும் பதில் கிடைக்கிறது. அதனால் எங்களைத் தேடி வருவது, தீர்வைப் படித்த பிறகும் மனம் ஒப்பாத பிள்ளைகளின் சந்தேகம். இந்த வேலையில் மனிதர்களின் எண்ணிக்கை குறையத்தான் போகிறது. இருக்கப்போகிறவர்களுக்கு வாசிப்புத் திறன் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

வீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அலுவலகம் வெளிவட்டச் சாலையில் இருப்பதால், நாள்தோறும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் கழிய வேண்டிய நேரம் மிச்சமாகிறது. அந்த நேரம் எனக்கே கிடைக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளைகள் பள்ளி முடிந்து வீடு திரும்பியபின்தான் எங்களுக்கு வேலை சூடுபிடிக்கும். மாலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை, அதாவது சமையலும் சொந்தக் குழந்தையின் வீட்டுப்பாடமும் நடக்க வேண்டிய அதே நேரம். என் மாமியார் அந்த நேரத்தில் அடுப்படியை ஏற்றுக்கொள்வதால்தான் இந்த வேலையில் என்னால் நிலைக்க முடிகிறது. "நீ கதவைச் சாத்திக்கோம்மா, நான் பாத்துக்குறேன்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அப்படி ஒருவர் வீட்டில் இல்லாதவர்கள், வேலையில் சேரும் முன்பே நேரத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு நாள், ஆகவே விடுமுறை வார நாளில் வரும். நீட் தேர்வு 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மே மாத முதல் ஞாயிறன்று நடந்தது. அதனால் ஏப்ரல் முழுவதும் ஊர்ப் பயணம், திருமணம் எதையும் நினைத்துப் பார்க்க முடியாது.

பெஸ்காம் மின்சாரம் மழைக்காலத்தில் அடிக்கடி போய்வரும். இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து மீண்டும் கிளம்ப ஓரிரு நிமிடம் ஆகிவிடும் என்பதால், ரவுட்டருக்கென்றே ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வையுங்கள். கேமராவைவிட மைக்குக்குக் கூடுதலாகச் செலவழியுங்கள். டேட்டா தீரும் நேரத்தில் பிள்ளைகள் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டு குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். குரல் இரைந்தால் அதோடு வகுப்பை விட்டுப் போய்விடுகிறார்கள்.

சம்பள விஷயத்தில், நீங்கள் ஊழியரா, ஒப்பந்த ஆலோசகரா என்பதைக் கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர் என்றால் பி.எஃப்., விடுப்பு, அறிவிப்புக் காலம் எல்லாம் உண்டு. ஒப்பந்தம் என்றால் அவை கிடையாது. என் ஒப்பந்த நாட்களில், வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி ஒவ்வொரு தொகையிலும் பத்து விழுக்காடு பிடித்துக்கொண்டே தந்தார்கள், கணக்குத் தாக்கல் செய்து கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெற்றேன். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வேலையின் பகுதியாக ஓர் ஊழியர் உருவாக்கும் பாடத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனமே உரிமையாளர். ஒப்பந்தக்காரர்களிடமும் பெரும்பாலும் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் விலகிய பிறகும் உங்கள் முகமும் குரலும் அந்தச் செயலியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும். அது உறுத்துமென்றால் முன்கூட்டியே பேசி, காணொளிகளை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் கேளுங்கள்.

விற்பனைப் பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம், இலவசம் என்று சொல்லித் தொடங்கி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடுகளைக் குறித்துப் பெற்றோரை எச்சரித்து ஓர் அறிவுரை வெளியிட்டது. அதற்குக் காரணமான விற்பனை முறைகள் எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டதாக நான் நம்பவில்லை. வேலை நேர்காணலில், சந்தா சேர்ப்பதற்கான இலக்கு ஏதேனும் ஆசிரியருக்கும் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அங்கே சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தந்தையின் ஒரே கைபேசியை அண்ணனோடு பங்கிட்டுக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குத் தன் முறை வரக் காத்திருந்து சந்தேகம் அனுப்பும் பிள்ளையிடம், அடுத்த பேக்கேஜை வாங்கச் சொல்லி ஓர் ஆசிரியரால் பேச முடியாது.

ஜூனில் புதிய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்காக அலைகள் பாடத்திலும் தவறான விடைகளைக் காரணத்தோடு தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். கயிற்றில் அலை போகும்போது கயிறும் கூடவே நகர்கிறது என்று நினைக்கும் பிள்ளைகளின் படங்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. ஒலி அலையை, பாம்பு போல நெளிந்து காற்றில் போகும் ஒரு கோடாகவே வரைகிறவர்களின் படங்கள் அதைவிட அதிகமாக வந்திருக்கின்றன. அந்தக் கோடு, காற்றழுத்தம் கூடிக் குறைவதைக் காட்டும் பாடநூல் வரைபடத்தைப் பார்த்து வந்ததா, டிவியில் பார்த்து வந்ததா என்பதை இன்னும் பிரிக்க முடியவில்லை. இந்த வாரம் அதற்கென இரண்டு வினாக்கள் எழுதி, குழுவில் சுற்றுக்கு விட்டிருக்கிறேன்.